ஞானாம்பாளின் கறுப்புச் செருப்பு

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தால் போதும். வார் அறுந்து ஊக்கு மாட்டியது தனத்துடையது, குதிகால் உயர்ந்தது பேங்க் வேலைக்குப் போகும் சரசுவுடையது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் அந்தத் தெருவில், எண்பதுகளில், செருப்பு அதிகமாகக் கிடந்த வாசல் ஞானாம்பாளுடையது. அவள் ஜாக்கெட் தைப்பவள்.

நான் அவளுடைய பக்கத்துப் போர்ஷனுக்குக் குடிவந்தது தொண்ணூற்று நான்கில். அதற்குள் நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்திருந்தது. கொஞ்சம் அவள் வாயால் கேட்டேன், மிச்சத்தை மற்றவர்கள் வாயால் கேட்டேன். மற்றவர்கள் சொன்னதில் பாதியை நான் நம்பவில்லை. தன்னை நல்லவளாக்கிக்கொண்டு ஒருத்தி சொல்லும் கதையில் எப்போதும் பாதிதான் தேறும்.

ஞானாம்பாளின் புருஷன் சம்பத் தாம்பரம் விமானப்படை நிலையத்தில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர். எண்பத்து நான்கில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். குழந்தை இல்லை. வந்தவாசிப் பக்கத்து நாத்தனார் காரியம் முடிந்ததும் கூட்டிக்கொண்டு போய், ஒரு மாதம் வைத்திருந்து, திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டாள். இருந்தது இரண்டு போர்ஷன் வீடும் கால் மிஷின் ஒன்றும்தான். பொழுதைப் போக்கத் தைக்க ஆரம்பித்தவளுக்குக் கை நன்றாக வந்தது. முதுகுப் பக்கம் சுருக்கம் விழாமல் தைப்பதில் தாம்பரம் மார்க்கெட் டெய்லர்கள்கூட அவளிடம் தோற்றார்கள் என்று சரசு இன்றைக்கும் சொல்வாள்.

எல்லா டெய்லரும் பொய் சொல்வார்கள். 'நாளைக்கு வாங்க' என்பார்கள், நாளைக்குப் போனால் துணி வெட்டாமல் கிடக்கும். ஞானாம்பாளின் பொய் வேறு தினுசு. ஜாக்கெட்டை முதல் நாளே முடித்துவிடுவாள், கொக்கி மட்டும் வைக்க மாட்டாள். வாங்க வந்தவளிடம், "கொக்கி ஒண்ணுதான் பாக்கி, உக்காரு, இதோ ஆச்சு" என்பாள். அந்த 'இதோ' முக்கால் மணி நேரம். அதற்குள் காபி வரும், மாமியார் கதை வரும், சரசு வந்தால் பேங்க் மேனேஜர் கதை வரும். கடைசிச் செருப்பும் வாசலைவிட்டுப் போன பிறகு அவள் ரேடியோவைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். ரேடியோவில் என்ன ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எண்பத்தாறில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. விரலில் குத்திப் பார்க்கும் கருவியெல்லாம் அப்போது எங்கள் பக்கத்து வீடுகளுக்கு வரவில்லை. சோதனைக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சில சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்டவ்வில் காட்டினால் நிறம் மாறும். நீலமாகவே நின்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் மோசம். ஞானாம்பாளுக்குப் பெரும்பாலும் செங்கல்தான். நூல்கண்டு நிறம் பார்த்துப் பழகிய கண் அல்லவா, "இன்னிக்கு அரக்குல கொஞ்சம் ஆரஞ்சு கலந்தா மாதிரி இருந்துச்சு" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கிற விஷயமில்லை. ஆனால் பேசுவதற்கு ஒன்று கிடைத்ததே என்று இருந்திருக்கும்.

பாதம் முதலில் எரிந்தது. பிறகு எறும்பு ஊர்ந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. எரிச்சல் போனதும் வியாதி இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். தரை பஞ்சு போட்ட மாதிரி இருந்தது அவளுக்கு வேடிக்கையாகக்கூட இருந்தது. "குண்டூசியால குத்திப் பாரேன், ஒண்ணும் தெரியாது" என்று தனத்திடம் காலை நீட்டுவாள். எதிர்வீட்டுத் தனம் குத்திப் பார்த்தாள். வந்தவர்கள் எல்லோரும் ஒரு தரம் குத்திப் பார்த்தார்கள். சந்தையில் ஆடு பார்ப்பதுபோல் ஆளாளுக்குப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எண்பத்தெட்டு ஆடி மாதம் ஒருநாள் சரசு உள்ளே வந்தவள், மிஷினிலிருந்து அடுப்படி வரைக்கும் சிமெண்ட் தரையில் சிவப்பாக ஏதோ தீற்றியிருப்பதைப் பார்த்தாள்.

"அக்கா, குங்குமத்தைக் கொட்டிட்டீங்களா?"

ஞானாம்பாளும் பார்த்தாள். தடம் அடுப்படி போய், திரும்பி வந்து, அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்குக் கீழே முடிந்தது. காலைத் தூக்கிப் பார்த்தால் குதிகாலுக்கு முன்னால் ரத்தம். முந்தின வாரம் மிஷின் ஊசி ஒன்று முறிந்து தெறித்தது, பாதி கிடைத்தது, மீதியைத் தேடிவிட்டு விட்டுவிட்டாள். அந்த மீதி உள்ளங்காலில் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் அத்தனை நாளும் கோயிலுக்குப் போனாள், பெடல் மிதித்தாள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். ஆறுவதற்கு ஐப்பசி ஆயிற்று. கட்டுப் பிரித்த அன்றைக்கு டாக்டரம்மா அவளை எதிரில் உட்காரவைத்துப் பேசினார்.

"உங்க காலுக்கு இனிமே வலி வந்து சொல்லாதும்மா. கண்ணாலதான் தெரிஞ்சுக்கணும். தினமும் கழுவுங்க, விரல் இடுக்கை ஈரமில்லாம துடைங்க. ஆணிக்கால்னு பிளேடு போடாதீங்க. வெந்நீர்னா கையை விட்டுப் பார்த்துட்டுத்தான் காலை விடணும். உள்ளங்காலை தினம் பார்க்கணும். குனிய முடியலைன்னா வீட்ல யாரையாவது பார்க்கச் சொல்லுங்க."

"வீட்ல யாரும் இல்ல டாக்டர்."

"அப்போ தரையில ஒரு கண்ணாடியை வெச்சுப் பாருங்க. வெறுங்காலோட ஒரு அடிகூட வைக்கக் கூடாது. வீட்டுக்குள்ளயும்தான்."

"சாமி ரூம்ல?"

"சாமி ரூம்லயும். அடுத்த தடவை இப்படி வந்தா ஊசியை எடுக்க மாட்டோம், காலைத்தான் எடுப்போம்."

செருப்புக்கு அளவு எடுத்தார்கள். காகிதத்தில் காலை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார்கள். அளவெடுத்தே பழகியவளுக்குத் தன்னை ஒருவர் அளவெடுத்தது பிடித்திருந்ததாம். வெளியே போக ஒன்று, வீட்டுக்குள் போட ஒன்று என இரண்டு ஜோடி வந்தன. கறுப்பு. மேலே மெத்தென்ற ரப்பர், அடியில் தடித்த கெட்டி ரப்பர், அகலமான வார், குதிகாலைப் பிடித்துக்கொள்ளப் பின்பக்கம் ஒரு பட்டை. ஆணி ஒன்றுகூட இல்லாமல் ஒட்டித் தைத்தது. பார்க்க லட்சணமில்லை. ஆனால் காலுக்குச் சௌக்கியம். ஞானாம்பாள் நல்ல பிள்ளையாகப் போட்டுக்கொண்டாள், கண்ணாடியும் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

அந்தச் செருப்பை எங்கள் பக்கத்து ஜனங்கள் எல்லோருக்கும் தெரியும். சர்க்கரைக்காரர்கள் காலில் பார்த்ததல்ல. தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டிலும் எலக்ட்ரிக் டிரெயினிலும் விரல் மடங்கிப்போய்க் கையேந்தும் தொழுநோயாளிகள் காலில் பார்த்தது. அவர்களுக்கும் கால் மரத்துப்போகும், அவர்களுக்கும் அதே மாதிரி ரப்பர்தான் தர வேண்டும். காலுக்கு இரண்டும் ஒன்றுதான். தெருவுக்கு அது தெரியாது.

மார்கழியில் ஒருநாள் ஆஸ்பத்திரியில் காலைக் காட்டிவிட்டுப் பெண்கள் பெட்டியில் திரும்பி வந்துகொண்டிருந்தாள். கிண்டியில் ஒரு கிழவி ஏறினாள். கையில் விரல்கள் பாதிதான். பெட்டியில் ஒவ்வொருவராக நீட்டிக்கொண்டு வந்தவள் ஞானாம்பாளின் காலைப் பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீயும் நம்ம ஆஸ்பத்திரிதானாம்மா? உனுக்கு வெரலு எல்லாம் நல்லாத்தான் கீது. சீக்கிரமே பாத்துகினே போல."

"எனக்கு அதில்லம்மா. சர்க்கரை."

"ஆமாம்மா" என்றாள் கிழவி, சமாதானப்படுத்துகிற குரலில். "நானும் மொதல்ல தேமலுன்னுதான் சொல்லிகினு இருந்தேன். வார் கடிச்சா எண்ணெய் தடவிக்கோ."

பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். எதிர்வரிசையில் சரசு உட்கார்ந்திருந்தாள், பேங்க்கிலிருந்து திரும்புகிறாள். ஞானாம்பாள் பார்ப்பதற்குள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு அந்தப் பெட்டியில் அவளிடம் உரிமையாக நாலு வார்த்தை பேசியது அந்தக் கிழவி ஒருத்திதான். அதை வாங்கிக்கொள்ள ஞானாம்பாளுக்குத் தைரியம் வரவில்லை. பல்லாவரத்தில் இறங்கி, அடுத்த வண்டிக்குக் காத்திருந்து வந்தாள்.

பொங்கலுக்குத் துணி வரவில்லை. கொடுத்திருந்த ஒன்றிரண்டையும் "ஊருக்குப் போறோம்கா, வந்து தெச்சுக்கலாம்" என்று திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்ப வாங்கும்போது துணியின் ஓரத்தைப் பிடித்து வாங்கினார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. வாசலில் அந்தக் கறுப்புச் செருப்பு ஒரு ஜோடி மட்டும் கிடந்தது.

கடைசியில் சொன்னவள் பூக்காரி அருள்மேரி. அவளுக்கு மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"தப்பா நெனச்சுக்காதக்கா. உனுக்குப் பெருநோய் வந்துகீதுன்னு தெருவே பேசிகினு கீது. அந்தச் செருப்பு அவுங்கோ போட்றதாமே. குத்துனாகூட காலு உனுக்குத் தெரியாதாமே."

கேம்ப் ரோட்டில் ஒரு காம்பவுண்டுச் சுவரில் சர்க்கார் விளம்பரம் பெரிதாக எழுதியிருந்தது: உடம்பில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோயாக இருக்கலாம், உடனே காட்டுங்கள் என்று. நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறபோதெல்லாம் அதைப் படித்த பெண்களுக்கு 'உணர்ச்சியற்ற' என்பது மட்டும் மனசில் நின்றுவிட்டது. போதாததற்கு, குண்டூசியால் குத்திப் பார்த்த கைகளும் அவர்களுடையவைதான். அப்படியே அந்த வியாதியாக இருந்தாலும் மாத்திரையில் குணமாகும், தைத்த துணியில் ஒட்டிக்கொண்டு வராது. அதைச் சொல்லப் போனால் நம்மையும் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஞானாம்பாள் முதலில் சிரித்தாள். பிறகு தனம் வீட்டுக்குப் போனாள். தனம் கேட்டுக்கு உள்ளே நின்றாள், கேட்டைத் திறக்கவில்லை.

"தனம், இது சர்க்கரைக்குக் குடுத்த செருப்பு. சர்க்கரை இருந்தாலும் கால் மரத்துப்போகுமாம். டாக்டரே சொன்னாங்க. நீ வேணா என்கூட ஆஸ்பத்திரிக்கு வந்து கேளேன்."

"ஐயோ, நாங்க ஒண்ணும் சொல்லலியேக்கா" என்றாள் தனம். "உடம்பப் பாத்துக்கோங்க."

இதே பேச்சை இன்னும் நாலு கேட்டுக்கு முன்னால் நின்று பேசினாள். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். யார்தான் அந்த வியாதி என்று ஒத்துக்கொள்வார்கள், சர்க்கரை என்று சொல்லிவந்ததே இதை மறைக்கத்தான் என்று அப்புறம் பேசிக்கொண்டார்களாம். இல்லை என்று சொல்லச் சொல்ல இருக்கிறது என்று ஆகிவிட்டது. அந்தக் கோடையில் அவளிடம் பேசியது அருள்மேரியும் பால்காரரும்தான். பால்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சும்மா இருக்க முடியாமல் தன் பழைய ஜாக்கெட்டுகளைப் பிரித்துத் திரும்பத் தைத்தாளாம். இதை அவள் என்னிடம் சொன்னபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஆடி பிறந்ததும் இரண்டு ஜோடிக் கறுப்புச் செருப்பையும் கோணிப்பையில் போட்டுப் பரண்மேல் தூக்கி வைத்தாள். நீல வார் போட்ட ஹவாய் செருப்பு ஒன்று வாங்கி வாசலில் விட்டாள். வீட்டுக்குள் வெறுங்கால். கொஞ்ச நாள் யாரும் வரவில்லை. ஆவணியில் தனம் வந்தாள், மகள் மஞ்சள் நீராட்டுக்குத் தைக்கப் பாவாடை தாவணித் துணியோடு. வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"கால் எப்படிக்கா இருக்கு?"

"நல்லாயிடுச்சு. டாக்டர் செருப்பு வேணாம்னுட்டாங்க."

அவ்வளவுதான். தனம் வந்ததும் தெருவே வந்தது. சரசுகூட வந்தாள்.

செருப்பைப் போட்டால் கால் நிற்கும், ஆள் வராது. போடாவிட்டால் ஆள் வரும், கால் போனாலும் போகும். டாக்டரம்மா சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. தெரிந்துதான் செய்தாள். பைத்தியக்காரி என்று சொல்பவர்கள் ஒரு கோடை முழுக்க மனுஷ முகம் பார்க்காமல் இருந்துவிட்டு வந்து சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். தரையில் கண்ணாடி வைத்துப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். பார்த்தால் போட வேண்டியிருக்குமே என்று பயமாம்.

தொண்ணூறாம் வருஷத் தீபாவளிக்கு நல்ல கூட்டம். தாவணி, ஜாக்கெட், ஊரிலிருந்து வந்த மருமகள்கள் என்று அறை நிறைந்திருந்தது. ஹவாய் வார் கட்டைவிரல் இடுக்கில் எப்போது உரசியது, எப்போது கொப்புளம் போட்டது என்று அவளுக்குத் தெரியாது. ஒருநாள் மத்தியானம் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கும்போது சரசு மூக்கைச் சுளித்தாள்.

"அக்கா, எலி ஏதாவது செத்துக் கெடக்கா?"

எல்லோருக்கும் அந்த நாற்றம் வந்தது. துணி மூட்டைகளை நகர்த்தினார்கள், பீரோவுக்குப் பின்னால் பார்த்தார்கள், மிஷின் அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவினார்கள். ஞானாம்பாளுக்கு எது என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு, "இருக்கும், பரண்ல ஏதோ ஓடுற சத்தம் கேட்டுச்சு" என்றாள். ஊதுவத்தி கொளுத்தி வைத்தாள். அவளும் எழுந்து அவர்களோடு சேர்ந்து எலியைத் தேடினாள்.

அவர்கள் போன பிறகு கண்ணாடியை எடுத்துத் தரையில் வைத்தாள். கட்டைவிரல் கறுத்திருந்தது. அப்போதாவது போயிருக்கலாம். வாங்கிய துணியெல்லாம் தீபாவளிக்குள் கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம் வர மாட்டார்கள் என்று நினைத்தாள். காலில் பவுடரைக் கொட்டித் துணி சுற்றிக்கொண்டு, காய்ச்சலோடு, எல்லாவற்றையும் தைத்துக் கொடுத்தாள். தீபாவளிக்கு மறுநாள் பூ கொடுக்க வந்த அருள்மேரி கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, பின்பக்கமாக வந்து பார்த்தபோது மிஷினில் தலை சாய்த்துக் கிடந்தாள். ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவள்தான். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தெரு முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போனது. ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸுமாக வரிசையில் நின்றார்கள். சர்க்கரைக்காரிக்கு ஆரஞ்சு என்ன, ஹார்லிக்ஸ் என்ன, அதை யார் யோசித்தது. காலை எடுத்துவிட்டார்கள் என்றதும் சந்தேகமெல்லாம் தீர்ந்துபோயிற்று. பெருநோய்க்கு விரல் மடங்கும், காலை இப்படி எடுக்க மாட்டார்கள், அப்படியென்றால் சர்க்கரைதான் என்று தெரு தீர்ப்பு சொன்னது. வாயால் சொல்லி நம்பாததைக் காலைக் கொடுத்து நம்பவைத்தாள்.

நான் குடிவந்தபோது மிஷினுக்கு மோட்டார் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த இடது காலில் அந்தக் கறுப்புச் செருப்பை வீட்டுக்குள்ளேயே போட்டிருந்தாள், யாரும் முகம் சுளிக்கவில்லை. அறையில் எப்போதும் ஆள் இருந்தது. அதற்குள் தெருவில் இன்னும் சிலருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. காலைப் பற்றிக் கேட்க எல்லோரும் இவளிடம்தான் வந்தார்கள்.

தொண்ணூற்றாறில் தனத்துக்கும் வந்தது. பாதம் எரிகிறது என்று ஒருநாள் மாலை வந்து உட்கார்ந்தாள். நான் காஜா எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். ஞானாம்பாள் கக்கத்துக் கட்டையை ஊன்றி நகர்ந்து, அவள் எதிரில் பலகையில் உட்கார்ந்தாள்.

"காலை இப்பிடி நீட்டு."

"வேணாங்கா, பெரியவங்க நீங்க போயி என் காலை..."

"நீட்டுடி."

தனத்தின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் விலக்கிப் பார்த்தாள். குதிகால் வெடிப்பை விரலால் தடவினாள். ஊக்கு மாட்டிய செருப்பைத் தூக்கிப் போடச் சொன்னாள். தனத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"அந்தச் செருப்பு சர்க்கரைக்குத்தான்னு அப்பவே எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா. உங்க காலு போயிருக்காதே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு திறக்காமல் கேட்டவள் இவள்தான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. தனம் பொய் சொல்லவில்லை, அவளுக்கு நிஜமாகவே மறந்துபோயிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபமாக இருந்தது. ஞானாம்பாள் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"எனக்குச் சொல்லத் தோணாமப் போச்சு தனம்" என்றாள். "என் புத்தி அப்போ அப்பிடி."

தனம் இருட்டும்வரை இருந்துவிட்டுப் போனாள். போன பிறகு நான் கேட்டேன்: "ஏங்கா அப்படிச் சொன்னீங்க? அவ வீட்டு வாசல்லயே போய் நின்னு சொன்னீங்களே."

அவள் இடது காலின் செருப்பு வாரைத் தளர்த்திக்கொண்டிருந்தாள்.

"சொன்னேன்னு சொன்னா, எழுந்து போயிடுவாடி" என்றாள்.